குரல் அறுவை சிகிச்சை செய்துகொள்ளலாமா? ஒரு திருநங்கை வாசகிக்குப் பதில்

கோவைப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டு, சாரத்தை மட்டும் தருகிறேன்.

வயது 28. திருநங்கை. வாடிக்கையாளர் சேவை மையத்தில் தமிழ் அழைப்புகளை எடுக்கும் வேலை. மூன்று வருடமாக ஹார்மோன் எடுக்கிறார், பாதி டாக்டர் எழுதிக்கொடுத்தது, பாதி தோழிகள் சொல்லி மெடிக்கலில் வாங்கியது. தோலும் உடல்வாகும் மாறிவிட்டன, குரல் மட்டும் அப்படியே இருக்கிறது. போனில் பேசுகிறவர்கள் 'சார்' என்கிறார்கள். நேரில் 'மேடம்' என்று ஆரம்பித்த கடைக்காரர் இவர் வாயைத் திறந்ததும் ஒரு நொடி நிறுத்தி, நிமிர்ந்து முகத்தைப் பார்க்கிறார். போனில் ஒரு ஆப் வைத்து அளந்ததில் சாதாரணப் பேச்சு 130 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 130 அதிர்வு, காட்டுகிறது. கஷ்டப்பட்டு 210 வரை தூக்கிப் பேசுகிறார், சாயங்காலம் தொண்டை வலி, வெள்ளிக்கிழமைக்குள் குரல் கட்டிப்போகிறது. விடுமுறை நாட்களில் ஒரு மெல்லிசைக் குழுவில் பாடுகிறார். இரண்டு வருடமாகச் சேர்ந்து வாழும் துணைவர் நல்லவர்தான், ஆனால் 'அம்மா கூப்பிட்டா நீ போன் எடுக்காதே' என்று சொல்லிவைத்திருக்கிறார். சீட்டுப் போட்டுச் சேர்த்த மூன்றரை லட்சம் கையில் இருக்கிறது. ஒரு தனியார் கிளினிக், குரல் அறுவை சிகிச்சையும் தொண்டை எலும்பைச் செதுக்குவதும் சேர்த்து ஒரே பேக்கேஜாகத் தருவதாகவும், மாதக் கடைசிக்குள் அட்வான்ஸ் கட்டினால் தள்ளுபடி என்றும் சொல்லியிருக்கிறது. அடுத்த வருடம் மார்பக அறுவை சிகிச்சையும் செய்துகொள்ள நினைக்கிறார். வெளிநாடு போய்க் குரலை மாற்றிக்கொண்டு வந்த தோழி ஒருவருக்கு இன்னும் காற்றுக் குரல்தான் வருகிறது, அதைப் பார்த்துப் பயமாகவும் இருக்கிறது. செய்துகொள்ளலாமா, பாட்டு போய்விடுமா, பயிற்சியிலேயே மாறுமா, மாறுமென்றால் யூடியூபில் ஐந்து நிமிடத்தில் குரலை மாற்றுகிறார்களே அப்படித் தனக்கும் செய்ய முடியுமா என்பவை அவருடைய கேள்விகள்.

அன்புள்ள தோழிக்கு,

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்களுடைய ஆசை அழகுக்கான ஆடம்பரம் இல்லை. நாள் முழுக்க முன்பின் தெரியாத மனிதர்கள் தப்பான பெயரில் கூப்பிட, அதற்குச் சிரித்துக்கொண்டே 'சொல்லுங்க சார், என்ன உதவி வேணும்' என்று பதில் சொல்வது எவ்வளவு வதை என்று விளக்க வேண்டியதில்லை. 'இருக்குற குரலோட வாழப் பழகிக்கோ' என்று சொல்லும் டாக்டர்கள் எங்கள் துறையிலும் இருக்கிறார்கள். அந்த அறிவுரையை நான் சொல்லப்போவதில்லை. திருநர்களின் மருத்துவப் பராமரிப்புக்கான சர்வதேச வழிகாட்டு நெறிமுறையின் எட்டாம் பதிப்பு 2022-இல் வந்தது, அதில் குரலுக்கென்றே ஓர் அத்தியாயம் உண்டு. அதனால் நீங்கள் கேட்பது முறையான மருத்துவ உதவிதான், தயக்கமில்லாமல் கேட்கலாம்.

ஆனால் மாதக் கடைசிக்குள் அட்வான்ஸ் கட்ட வேண்டாம். ஏன் என்று வரிசையாகச் சொல்கிறேன்.

ஹார்மோன் குரலை ஏன் தொடவில்லை

பருவ வயதில் டெஸ்டோஸ்டிரோன் வந்தபோதே குரல்வளைக் குருத்தெலும்பு பெரிதாகி முன்னால் துருத்திக்கொண்டது, உள்ளே குரல் நாண்கள் நீண்டு தடித்தன, குரல்வளையும் கழுத்தில் கொஞ்சம் கீழே இறங்கியது. அதிரும் பகுதி மட்டும் ஆண்களுக்குத் தோராயமாக 16 மில்லிமீட்டர், பெண்களுக்கு 10. ஒருமுறை வளர்ந்துவிட்ட குருத்தெலும்பை ஈஸ்ட்ரோஜன் சுருக்காது. திருநம்பிகளுக்கு டெஸ்டோஸ்டிரோன் கொடுத்தால் சில மாதங்களில் குரல் உடைகிறதே, நமக்கு மட்டும் ஏன் இல்லை என்று கேட்டிருந்தீர்கள். வளர வைக்க முடியும், வளர்ந்ததைத் திருப்ப முடியாது, அவ்வளவுதான் வித்தியாசம். குரலுக்காக மாத்திரையின் அளவைக் கூட்டிக்கொண்டே போவதாக எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து இன்றோடு அதை நிறுத்துங்கள். நீங்கள் மெடிக்கலில் வாங்குவது கருத்தடை மாத்திரை. அதிலுள்ள செயற்கை ஈஸ்ட்ரோஜன் ரத்தம் உறையும் ஆபத்தைக் கூட்டும், அளவு கூடக் கூட ஆபத்தும் கூடும், அதோடு அறுவை சிகிச்சை மேஜையில் படுப்பதும் சேர்ந்தால் விபரீதம். நாளமில்லாச் சுரப்பி மருத்துவரைப் பார்த்து ஒழுங்கான மருந்துக்கு மாறிக்கொள்ளுங்கள். குரல் விஷயம் இல்லையென்றாலும் இதைச் செய்தே ஆக வேண்டும்.

யூடியூப் வீடியோ விஷயம் வேறு. நம் ஊரில் பிரபலமான அந்த வீடியோக்களில் வருபவர்கள் பெரும்பாலும் குரல்வளை முழுதாக வளர்ந்தும் பழைய சிறுவர் குரலிலேயே பேசப் பழகிவிட்ட இளைஞர்கள். அவர்களுக்குக் கருவி தயாராக இருக்கிறது, வாசிக்கும் விதம்தான் மாறவில்லை. அதனால் டாக்டர் தொண்டையை லேசாக அழுத்திப் பேசச் சொன்னதும் கனத்த குரல் சட்டென்று வந்துவிடுகிறது. உங்கள் நிலைமை இதற்கு நேர் எதிர். கருவியே பெரிதாகிவிட்டது. அதை ஐந்து நிமிடத்தில் யாராலும் மாற்ற முடியாது, மாற்றுவதாகச் சொல்கிறவரிடம் போகாதீர்கள்.

அறுவை சிகிச்சையில் என்ன செய்கிறார்கள்

ஒரு வீணையை நினைத்துக்கொள்ளுங்கள். தந்தியின் அதிரும் நீளத்தைக் குறைத்தால் சுருதி ஏறும், இழுத்துக் கட்டினாலும் ஏறும், மெல்லிய தந்தி போட்டாலும் ஏறும். குரல் அறுவை சிகிச்சைகள் இந்த மூன்றில் ஏதோ ஒன்றைத்தான் செய்கின்றன. ஆனால் வீணையின் நாதம் குடத்திலிருந்தும் வருகிறது. தொண்டை, வாய், நாக்கு, உதடு எல்லாம் சேர்ந்த அந்தக் குடத்தை இந்த அறுவை சிகிச்சைகள் பெரும்பாலும் தொடுவதே இல்லை. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

இன்று அதிகம் செய்யப்படுவது, ஜெர்மனியின் குரல் மருத்துவர் வெண்ட்லரின் பெயரில் வழங்கும் முறை. வெளியே கத்தி படாது. முழு மயக்கம் கொடுத்து வாய் வழியாகக் குழாய்விட்டு, இரண்டு குரல் நாண்களின் முன்பகுதியில் மேல்தோலை நீக்கி, அந்த இடத்தை ஒன்றோடொன்று சேர்த்துத் தைத்துவிடுவார்கள். மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை ஒட்டிக்கொள்ள, மிச்சம்தான் அதிரும். சராசரியாக 50 முதல் 80 ஹெர்ட்ஸ் வரை ஏற்றம் கிடைப்பதாக அறிக்கைகள் சொல்கின்றன. சராசரி என்பதைக் கவனியுங்கள், 20 ஏறியவரும் 100 ஏறியவரும் அதில் அடக்கம்.

இன்னொன்று பழைய முறை. ஜப்பானைச் சேர்ந்த இஷிகி 1970களில் கொண்டுவந்தது. கழுத்தில் சின்னக் கீறல் போட்டு, குரல்வளையின் இரண்டு குருத்தெலும்புகளை நெருக்கிக் கட்டி, குரல் நாண்களை எப்போதும் இழுபட்ட நிலையில் வைப்பார்கள். ஆரம்பத்தில் நன்றாக இருக்கும், பலருக்குக் காலப்போக்கில் தளர்ந்து சுருதி இறங்கிவிடும். அதைவிட முக்கியம், நாம் பேசும்போது குரலை ஏற்றி இறக்கப் பயன்படுத்தும் தசையையே இது கட்டிப்போட்டுவிடுகிறது. பேச்சு ஒரே சுருதியில் தட்டையாக, சிலருக்குக் கீச்சென்று பொய்க்குரல் போல ஆகிவிடும். பாடுகிறவருக்கு இதை நான் சொல்லவே மாட்டேன்.

மூன்றாவது, குரல்வளையைத் திறந்து முன்பக்கக் குருத்தெலும்பையே ஒரு பட்டையாக வெட்டியெடுத்து, மொத்தமாகச் சிறிதாக்கி, மேலே தூக்கிக் கட்டுவது. இது கொஞ்சம் குடத்தையும் தொடுகிறது. ஆனால் பெரிய அறுவை சிகிச்சை, செய்பவர்களும் குறைவு. லேசரால் குரல் நாணை மெலிதாக்குவதும் உண்டு, அதைத் தனியாகச் செய்வதைவிட மற்ற முறைகளுக்குப் பிறகு சின்னத் திருத்தமாகச் செய்வதே வழக்கம்.

உங்களுக்குச் சொன்ன பேக்கேஜில் இவற்றில் எது என்று உங்கள் கடிதத்தில் இல்லை. உங்களுக்கே அவர்கள் சொல்லவில்லை என்றுதான் நினைக்கிறேன். தன் தொண்டையில் எதை வெட்டுவார்கள், எதைத் தைப்பார்கள் என்பதைத் தெரிந்துகொள்ளாமல் பணம் கட்டச் சொல்வது எந்த ஊர் நியாயம்?

போகக்கூடியவை

சுருதி ஏறுவதற்கு ஒரு விலை உண்டு. அதிரும் நீளம் குறைந்தால் உரத்துப் பேசும் சக்தி குறையும். தெருவின் அந்தப் பக்கம் போகிறவரைக் கூப்பிட்டால் அவருக்குக் கேட்காமல் போகலாம். கரகரப்பும் காற்றுக் குரலும் பலருக்குச் சில மாதம் இருந்து சரியாகும், சிலருக்கு நிற்கும். உங்கள் தோழிக்கு நடந்தது அந்த இரண்டாவது வகையாக இருக்கலாம், தையல் விட்டிருக்கலாம், ஒரு பக்கம் ஏற்றமும் ஒரு பக்கம் இறக்கமுமாக ஒட்டியிருக்கலாம், அல்லது ஊருக்கு வந்ததும் ஓய்வில்லாமல் பேசியிருக்கலாம். அவரை ஒரு குரல் மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள், திருத்தக்கூடிய காரணமாகக்கூட இருக்கும்.

பாட்டு பற்றி மழுப்பாமல் சொல்கிறேன். கீழ் ஸ்தாயி போய்விடும். போனது திரும்பாது, ஏனென்றால் தைத்து ஒட்டியதைப் பிரித்தாலும் தழும்பு இருக்கும், பழைய குரல் நாண் கிடைக்காது. சரி, கீழே போனது மேலே கிடைக்குமே என்றால், அதற்கும் உத்தரவாதம் இல்லை. பலருக்கு மேல் எல்லை அப்படியே நிற்க, கீழ் எல்லை மட்டும் ஏறி, மொத்த வீச்சு சுருங்குகிறது. குழுவில் உங்களுக்கு ஆண் குரல் பாட்டுகளைத்தான் தருகிறார்கள், அதில் பாதி சங்கடம், பாதி சந்தோஷம் என்று எழுதியிருந்தீர்கள். அந்தப் பாதி சந்தோஷம் உங்களுக்கு எவ்வளவு பெரிது என்று நீங்கள்தான் எடைபோட வேண்டும். சிலர் யோசிக்காமல் 'போகட்டும், நிம்மதி' என்பார்கள். சிலர் மேடையை விட மாட்டேன் என்பார்கள். இரண்டுமே சரியான பதில்தான்.

இருமல், தும்மல், திடீரென்று வாய்விட்டுச் சிரிப்பது, தூக்கக் கலக்கத்தில் 'யாரு?' என்று கேட்பது, இதெல்லாம் அறுவை சிகிச்சைக்குப் பிறகு மேலேறுமா என்று கேட்டிருந்தீர்கள். வெண்ட்லர் முறையின் உண்மையான லாபமே இங்கேதான். பயிற்சியில் வந்த குரலுக்குக் கொஞ்சமாவது கவனம் தேவை, அசந்தால் பழைய சுருதிக்கு விழும். அறுவை சிகிச்சை அந்த விழும் தரையை உயர்த்திவிடுகிறது. நாள் பூராவும் தன் குரலைத் தானே காவல் காத்துக் களைத்துப்போனவர்களுக்கு இது பெரிய விடுதலை. இதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை.

உங்கள் வேலைக்கு எது முக்கியம்

நீங்கள் நினைப்பது போலச் சுருதி மட்டும் ஆளைக் காட்டிக்கொடுப்பதில்லை. பெண்களின் பேச்சு சராசரியாக 200 ஹெர்ட்ஸ் பக்கம், ஆண்களுடையது 100 முதல் 130. நடுவில் 145 முதல் 175 வரை ஒரு பகுதி, அங்கே கேட்கிறவர் காது மற்ற அடையாளங்களைத் தேடும். தாழ்ந்த குரலில் பேசும் பெண்கள் எத்தனையோ பேர் உண்டு, உங்கள் வீட்டிலேயே ஓர் அத்தையோ பெரியம்மாவோ இருப்பார். அவரை யாரும் 'சார்' என்பதில்லை. அவருடைய குடம் வேறு, சொற்களை இழுக்கும் நயம் வேறு.

போனில் இது இன்னும் கூர்மை. வழக்கமான தொலைபேசித் தடம் 300-இலிருந்து 3400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியைத்தான் கடத்தும். உங்கள் 130-ம் போகாது, நீங்கள் உயிரைக் கொடுத்து எழுப்பும் 210-ம் போகாது. அதற்கு மேலே அடுக்கடுக்காக இருக்கும் ஒலிகளை வைத்து மறுமுனையில் இருப்பவரின் மூளை அடிச்சுருதியைக் கணித்துக்கொள்கிறது. அந்த மேல் அடுக்குகளில் எது ஓங்கி ஒலிக்க வேண்டும் என்று தீர்மானிப்பது உங்கள் வாயும் நாக்கும் தொண்டையும். அறுவை சிகிச்சை செய்து 200-க்கு வந்த பிறகும் ஆண் உடம்பின் ஒலிப்பிலேயே பேசினால், போனில் 'சார்' தொடர நிறைய வாய்ப்பு இருக்கிறது. அப்படி ஏமாந்து வந்து அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு நடந்த அறுவை சிகிச்சையில் எந்தக் குறையும் இருக்கவில்லை.

அதனால் முதலில் பயிற்சி. 'மெல்லப் பேசு, மூக்கால் பேசு' என்று தோழிகள் சொல்லித் தரும் பயிற்சியைச் சொல்லவில்லை. இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் (ஆர்.சி.ஐ.) பதிவு பெற்ற ஸ்பீச் தெரபிஸ்ட், அதிலும் குரலில் வேலை செய்தவராகப் பார்க்க வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் விசாரியுங்கள். மைசூரில் உள்ள அகில இந்திய பேச்சு மற்றும் கேட்டல் நிறுவனம் கோவையிலிருந்து எட்டிவிடும் தூரம்தான்.

என்ன சொல்லித் தருவார்கள் என்று ஒரு மாதிரி காட்டுகிறேன். ஒரு டம்ளரில் தண்ணீர் வைத்து ஸ்ட்ராவை அதில் விட்டு, 'ஊ' என்று குமிழி வரும்படி ஊதிக்கொண்டே சுருதியை மெல்ல ஏற்றி இறக்குவது, தொண்டையை இறுக்காமல் மேலே போக இது பழக்கும். அப்புறம் வாயை மூடி 'ம்ம்ம்' என்று முனகி, அதிர்வு நெஞ்சில் தெரிகிறதா உதட்டிலும் மூக்குத் தண்டிலும் தெரிகிறதா என்று கை வைத்துப் பார்ப்பது. பிறகு சொற்கள். 'ஈ', 'ஏ' வரும் இடங்களில் நாக்கு முன்னே வருவதால் குரல் தானாக வெளிச்சமாகும். 'ஓ', 'ஊ' வரும் இடங்களில் நாக்கு பின்னே போகும், பழைய குரல் எட்டிப் பார்ப்பது அங்கேதான். உங்கள் வேலையில் இது வசதி, ஏனென்றால் ஒரு நாளைக்கு நூறு தடவை நீங்கள் சொல்வது அதே நாலைந்து வாக்கியம். 'வணக்கம்' என்ற முதல் சொல்லிலேயே எதிர்முனையில் இருப்பவர் முடிவெடுத்துவிடுகிறார். முதல் மாதம் முழுக்க அந்த ஒரு சொல்லையும் உங்கள் பெயரையும் மட்டும் சரி செய்தால்கூட வித்தியாசம் தெரியும்.

இலக்கை 210-இல் வைக்காதீர்கள். 170, 180-இல் இயல்பாக நின்றாலே போதும். இப்போது நீங்கள் செய்வது கழுத்துத் தசை முழுவதையும் முறுக்கிக் குரல்வளையை மேலே பிடித்து நிறுத்துவது. அந்தச் சாயங்கால வலியும் வெள்ளிக்கிழமைக் கரகரப்பும் அதனால்தான் என்று சந்தேகிக்கிறேன். குரல் நாணில் காய்ப்பு விழுந்திருந்தாலும் ஆச்சரியமில்லை. காய்ப்பு இருந்தால் முதலில் அது ஆற வேண்டும், அதன் மேல் அறுவை சிகிச்சைக்குப் போகக் கூடாது. குரல் கட்டிய நாட்களில் கிசுகிசுத்துப் பேசுவது நல்லது என்று நினைக்க வேண்டாம், பேசாமல் இருப்பதுதான் நல்லது.

நாலைந்து மாதம், வாரம் ஒருமுறை தெரபிஸ்டிடம், தினமும் வீட்டில் கொஞ்சம். கணிசமான பேருக்கு இதிலேயே போதும் என்று தோன்றிவிடுகிறது. தோன்றாவிட்டாலும் நஷ்டமில்லை, அறுவை சிகிச்சைக்குப் பிறகும் இதே பயிற்சி கட்டாயம் வேண்டும், முன்பே கற்றவர்கள் புதுக் குரலைச் சீக்கிரம் பிடித்துக்கொள்கிறார்கள்.

தொண்டை எலும்பைச் செதுக்குவது

இது தனி விஷயம், குரலோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள். ஆடம்ஸ் ஆப்பிளைச் செதுக்கினால் கழுத்து வழவழப்பாகத் தெரியும், சுருதி ஒரு ஹெர்ட்ஸ்கூட ஏறாது. குரல் நாண்களின் முன்முனை ஒட்டியிருப்பது அதே குருத்தெலும்பின் உள்பக்கம், ஏறக்குறைய நடு உயரத்தில். மேல் விளிம்போடு நிறுத்தாமல் ஆசைப்பட்டுக் கூடுதலாகச் செதுக்கினால் அந்தப் பிடிப்பே கழன்று, குரல் இன்னும் தாழ்ந்து கரகரத்துப்போகும். கைதேர்ந்தவர்கள் உள்ளே கேமரா வைத்து அந்த இடத்தைக் குறித்துக்கொண்டுதான் செதுக்குவார்கள். உங்கள் கிளினிக்கில் அப்படிச் செய்வார்களா என்று கேளுங்கள். திருதிருவென்று முழித்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

வரிசையும் வேலையும் பணமும்

அடுத்த வருடம் மார்பக அறுவை சிகிச்சை என்கிறீர்கள். அப்படியானால் குரலை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். முழு மயக்கத்துக்குக் குரல் நாண்களின் நடுவே குழாய் விட வேண்டும், ஒட்டிச் சிறிதாக்கிய இடத்தில் வழக்கமான அளவுக் குழாயைச் செலுத்தினால் தையலிட்ட பகுதி கிழியலாம். மற்ற எல்லாம் முடிந்த பிறகு கடைசியாகக் குரல் என்பதுதான் நல்ல வரிசை. செய்துகொண்ட பிறகு, எதிர்காலத்தில் எந்த அறுவை சிகிச்சைக்குப் போனாலும் 'எனக்குக் குரல் நாண் ஒட்டியிருக்கிறது, சிறிய குழாய் தேவை' என்று மயக்க மருத்துவரிடம் சொல்ல வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரியை மடித்துப் பர்ஸிலேயே வைத்திருங்கள், விபத்து நேரத்தில் நீங்கள் சொல்லும் நிலையில் இல்லாமல் போகலாம்.

வேலை விஷயம். முதல் ஒன்றிரண்டு வாரம் ஒரு சொல் பேசக் கூடாது, எழுதித்தான் காட்ட வேண்டும். பிறகு நிமிடக் கணக்கில் ஆரம்பித்து மெல்லக் கூட்டுவார்கள். எட்டு மணி நேரம் ஹெட்செட் மாட்டிப் பேச இரண்டு மூன்று மாதம் பிடிக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள், பாட்டுக்கு அதைவிடக் கூட. குரல் ஓரளவு நிலைக்க ஆறு மாதம், சிலருக்கு ஒரு வருடம். அத்தனை நாள் சம்பளம் என்ன ஆகும்? சாட், ஈமெயில் பிரிவுக்குத் தற்காலிகமாக மாற்றித் தரும்படி முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள். 2019-ஆம் வருடத் திருநர் பாதுகாப்புச் சட்டம் வேலையில் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது, ஒவ்வொரு நிறுவனத்திலும் இதற்கென்று புகார் அலுவலர் இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. உங்கள் நிறுவனத்தில் அவர் யார் என்று மனிதவளப் பிரிவில் கேளுங்கள், சண்டைக்காக அல்ல, தெரிந்துவைத்துக்கொள்வதற்காக. இன்னொன்று, அடையாள அட்டைக்கோ பெயர் மாற்றத்துக்கோ குரல் 'சரியாக' இருக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பாலின அடையாளத்துக்கு அறுவை சிகிச்சையை நிபந்தனையாக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2014 ஏப்ரல் 15 தீர்ப்பிலேயே சொல்லிவிட்டது.

மூன்றரை லட்சத்தையும் ஒரே இடத்தில் இறைக்க வேண்டாம். தையல் விட்டால் மறுபடி செய்ய வேண்டியிருக்கும், பயிற்சிக்குச் செலவு உண்டு, சம்பளமில்லாத மாதங்கள் உண்டு. மிச்சத்துக்கு வட்டிக்கு வாங்கலாம் என்று எழுதிய வரியை அடித்துவிடுங்கள். காப்பீடு இருந்தால், இந்த அறுவை சிகிச்சைக்குப் பணம் தருவார்களா என்பதை அனுமதிக்கு முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

உங்கள் துணைவர்

இதைக் கடைசி வரியில் போகிறபோக்கில் சொல்லியிருந்தீர்கள், எனக்கு அதுதான் உறுத்தியது. குரல் மாறிவிட்டால் அவருடைய அம்மா கூப்பிடும்போது நீங்கள் போனை எடுக்கலாம் என்று நினைக்கிறீர்கள். அவர் வீட்டில் உங்களைப் பற்றிச் சொல்லவில்லை, குரல் மாறினாலும் அதைச் சொல்ல வேண்டியவர் அவர்தான். அந்த வேலையை உங்கள் தொண்டை செய்ய முடியாது. உங்களுக்கு வேண்டும் என்பதற்காகச் செய்துகொள்வதென்றால் நான் உங்கள் பக்கம். இன்னொருவர் வீட்டு நிம்மதிக்காக என்றால், அறுவை சிகிச்சை அருமையாக நடந்தாலும் மனம் ஆறாது. ஒரு முறை அவரையும் கூட்டிக்கொண்டு ஆலோசனைக்கு வாருங்கள், 'இவள் குரல் மாறவே இல்லையென்றால் என்ன செய்வீர்கள்' என்று அவரிடம் நானே கேட்கிறேன்.

கிளினிக்கில் கேட்க வேண்டியவை

எந்த முறை, அதை அவரே எத்தனை பேருக்குச் செய்திருக்கிறார், எத்தனை பேருக்கு மறுபடி செய்ய வேண்டியிருந்தது. முன்-பின் வீடியோ காட்டுவார்கள், அதில் 'ஆ' என்று இழுப்பதையும் எழுதிவைத்ததைப் படிப்பதையும் பார்த்து மயங்காதீர்கள். ஒரு வருடம் கழிந்தவர் சாதாரணமாகத் தமிழில் அரட்டை அடிப்பதையும், சிரிப்பதையும், சத்தமாகக் கூப்பிடுவதையும் கேட்க வேண்டும் என்று சொல்லுங்கள். பிறகு பயிற்சி தருபவர் யார், அவர் அந்தக் குழுவிலேயே இருக்கிறாரா என்றும் கேளுங்கள். தெரபிஸ்டே இல்லாமல் குரல் அறுவை சிகிச்சை செய்யும் இடத்தை நான் யாருக்கும் சொல்வதில்லை.

இப்போதைக்கு இரண்டு காரியம் போதும். கிளினிக்குக்குப் போன் செய்து, பரிசோதனை முடியும்வரை அட்வான்ஸ் கட்டுவதாக இல்லை என்று சொல்லிவிடுங்கள். தள்ளுபடி போய்விடும் என்று அவசரப்படுத்தினால் போகட்டும். அப்புறம் குரல் பரிசோதனை செய்யும் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் ஸ்ட்ரோபோஸ்கோப்பி எடுத்துக்கொள்ளுங்கள். மூக்கு அல்லது வாய் வழியாகச் சின்னக் கேமரா, சில நிமிட வேலை, குரல் நாண் அதிர்வது திரையில் மெதுவாகத் தெரியும். வெள்ளிக்கிழமை சாயங்காலம், குரல் கட்டியிருக்கும்போதே போங்கள், அப்போதுதான் நிஜ நிலைமை தெரியும். வீடியோவை ஒரு பென்டிரைவில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், அடுத்து எந்த மருத்துவரைப் பார்த்தாலும் முதலில் கேட்பது அதைத்தான்.